மண்டைக்கு ஒரு புகார்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பிட்டராக இருந்தேன். வீடு கொரட்டூரில். அங்கே குடித்தால் சர்ச்சுக்கு வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடுவேன் என்று சனிக்கிழமைகளில் பூந்தமல்லி வரை போய், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஒயின்ஷாப் பாரில் உட்காருவேன்.

அன்று காலியாக இருந்த ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அது யாருக்கோ பிடித்து வைத்த இடமாம்.

"ஏந்திரு" என்றான் ஒருவன்.

"இன்னாத்துக்கு?" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். சோடா பாட்டில் என் நெற்றியில் உடைந்தது.

பார்காரர் மேசை துடைக்கும் துணியை நீட்டி, "கெளம்பு அண்ணாத்தே, பிரச்சன வேணாம்" என்றார். மேசையெல்லாம் ரத்தமாக்கிவிட்டேனே என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அடித்தவனிடமும் கேட்டேன். ஆஸ்பத்திரியில் தையல் போட்டவரிடம், பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். வீட்டிலும் அதே பொய். என் தலையைத் துடைத்துவிட்ட மனைவி, முடிக்குள்ளிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துப் பார்த்தாள். குப்பையில் போட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தையல் பிரிப்பதற்குள் கொரட்டூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் விட்டிருந்த என் சைக்கிள் திருடு போனது. நேராகப் போலீசுக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்து, வீட்டில் கத்தினேன்.

"பூட்டிட்டுத்தான போனீங்க?" என்றாள் மனைவி.

"பூட்டல. அதுக்காக எவனோ எடுத்துகினு பூடலாமா?"

"அப்ப குடிச்சிருந்தா மட்டும் மண்டைய ஒடைக்கலாமா?"

பூந்தமல்லியில் நடந்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். குடிக்கிற இடத்துக்குப் போனால் அடி விழத்தான் செய்யும், போனது என் தப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவன் அடித்ததைக் குற்றம் என்று சொல்லலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

மறுநாள் அவளே என்னைப் பூந்தமல்லி போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனாள். ஏட்டய்யா என் தலையில் இருந்த கட்டைப் பார்த்தார்.

"குடிச்சிருந்தியாப்பா?"

"ஆமா சார்."

"அவனும்?"

"ஆமா சார்."

"அப்றம் இன்னா?"

"ஒண்ணுமில்ல சார்" என்று எழுந்துவிட்டேன். அவள் பெஞ்சை விட்டு எழவில்லை.

"எழுதிக்குங்க சார். அடி வாங்குனது இவரு" என்றாள்.

வேண்டா வெறுப்பாக எழுதிக்கொண்டார். கடைசிவரை யாரையும் பிடித்ததாகத் தகவல் இல்லை. அதற்குப் பிறகு நான் அந்தப் பாருக்குப் போகவில்லை. அடித்தவனுக்குப் பயந்து இல்லை. நாலு பேர் குடிக்கிற இடத்துச் சண்டையைப் போலீஸ் வரைக்கும் கொண்டு போய் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டேனே, எந்த முகத்தோடு அங்கே போய் உட்காருவது என்ற கூச்சம்தான். மனைவியிடம் இதை மட்டும் நான் சொல்லவே இல்லை.