ராயபுரம் கொட்டகையில் பனித்தாண்டல்

திரையில் ஓடுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது என்ன என்று அவர்களுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்கும் தொழில் ஒன்று இருந்தது. அதை நான் ராயபுரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் செய்தேன். பெரிய படத்துக்கு முன்னால் போடும் வெளிநாட்டுச் செய்திப் படம் ஆங்கிலத்தில் பேசும். முதலாளி அந்தச் சத்தத்தை அடக்கிவிட்டு என் கையில் மைக்கைக் கொடுத்துவிடுவார். வாத்தியார்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், கல்யாணத் தரகர்கள் என்று பேசிப் பிழைக்கிற எல்லோருக்கும் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். ஐம்பத்திரண்டாம் வருஷம் சித்திரை வெயிலில் எங்களுக்கு வந்த சுருள், நார்வேயில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஆண்கள் தனிநபர் பனித்தாண்டல். பனித்தாண்டல் என்ற சொல்லை அகராதியில் தேடவேண்டாம். நான்தான் செய்தேன்.

உப்பு மலை

முதல் நாள் பகல் காட்சி. கூரை காய்ந்து, தரை டிக்கெட்டுக்காரர்கள் சட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்கள். நான் டிராமில் எழும்பூர் வரை போய், ஒரு நூலகத்தில் கலைக்களஞ்சியத்தைப் புரட்டிவிட்டு வந்திருந்தேன். ஆகையால் பனி வேறு, ஐஸ் வேறு என்று அடிப்படையிலிருந்து தொடங்கினேன். மலைச்சரிவில் மேடை கட்டியிருக்கிறார்கள், ஆளுயரத்துக்கும் நீளமான இரண்டு சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு அதில் சறுக்கி வந்து அந்தரத்தில் பாய்வார்கள் என்று விளக்கினேன்.

யாரும் கட்டையைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் அந்த வெள்ளையில் இருந்தது. எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களிலிருந்து மாட்டுவண்டியில் உப்பு ஏற்றி வருகிற பெரியவர் ஒருவர் முன்வரிசையில் எழுந்து நின்று என்னைக் கேட்டார்: "இன்னா நைனா, அத்திப்பட்டு உப்பு மொத்தத்தையும் தன் வூட்டாண்ட கொட்டிக்கினு குதிக்கிறானா இவன்?"

அழகுக்கு மார்க்

மறுநாள் நடுவர்களைப் பற்றிச் சொன்னேன். அதிக தூரம் பாய்ந்தவன்தான் ஜெயிப்பான் என்று நினைக்கக் கூடாது. உடம்பு எப்படிச் சாய்ந்தது, கட்டைகள் ஒட்டியிருந்தனவா, தரை தொட்டபோது தடுமாறினானா என்றெல்லாம் ஐந்து பேர் பார்த்து அழகுக்கும் மார்க் போடுவார்கள் என்றேன். கொட்டகை கொதித்துவிட்டது. அங்கே பாதிப் பேர் துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள். எத்தனை தூக்கினாய் என்றுதான் அவர்களை யாரும் கேட்பது வழக்கம். எப்படித் தூக்கினாய் என்று கேட்டதில்லை.

நான் நடுவர்கள் கட்சியில் நின்று வாதாடினேன். வண்ணாரப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்யும் சாயபு ஒருவர் பெஞ்சிலிருந்து வழக்கை முடித்துவைத்தார்: "தாண்டச் சொல்லிட்டு மூக்கும் முழியும் எப்படிக் கீதுன்னு பாக்கறது மாப்பிள்ளை தேடற வேலை, வாத்தியாரே!"

படம் பார்க்காத மனுஷன்

கேட்டில் டிக்கெட் கிழிக்கும் கன்னியப்பன்தான் முதலில் கவனித்தான். ஓர் ஆள் தினமும் பகல் காட்சிக்குத் தரை டிக்கெட் வாங்குகிறான். செய்திப் படம் முடிந்ததும் எழுந்து போய்விடுகிறான். கத்திச் சண்டையும் மூன்று கதாநாயகிகளும் உள்ள பெரிய படத்தை விட்டுவிட்டு, என் வர்ணனையை மட்டும் கேட்டுப் போக ஒருவன் வருகிறான் என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்தது. புரொஜக்டர் ஓட்டும் ஆபரேட்டர் பீர் முகமதுவிடம் பெருமையாகச் சொன்னேன்.

பாய் சிரிக்கவில்லை. அந்த ஆள் அவர் தெருக்காரர், பெயர் சவரிமுத்து. படகிலிருந்து கரைக்குப் பலகை போட்டு, அதன்மேல் நிலக்கரிக் கூடையைத் தலையில் சுமந்து நடக்கிற வேலை. தை மாதம் கூடையோடு பலகையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. கட்டு அவிழ்த்தாகிவிட்டது, எலும்பும் கூடிவிட்டது. ஆனால் பலகையில் கால் வைத்ததும் முழங்கால் நடுங்குகிறதாம், பாதியில் திரும்பிவிடுகிறாராம். பாய் சுருளைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "திங்கக்கெழம ஏறலேன்னா அந்த எடத்துல வேற ஆளுன்னு மேஸ்திரி சொல்லிட்டான். அவன் பொஞ்சாதி லூர்து மாதா கோயில்லயே உக்காந்துகினு கீறா."

கத்தரி

அந்தச் சுருளில் ஒருவன் விழுவான். நன்றாகத்தான் பாய்வான், தரை தொடும்போது ஒரு கட்டை விலகும். பொம்மையைப் போலப் புரண்டு சரிவின் அடிவரை போவான். கொஞ்ச நேரம் அசையாமல் கிடப்பான். பிறகு எழுந்து கட்டைகளைப் பொறுக்குவான். அடுத்த காட்சியில் ஒருவன் கட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு மேடைக்குப் படி ஏறுவான்.

விழுந்த மனுஷனிடம் போய் விழுவதைக் காட்டலாமா என்று பாய்க்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் அந்தத் துண்டை வெட்டி ஆணியில் மாட்டிவிட்டு, மிச்சத்தை ஒட்டிவிட்டார். எனக்குத் தெரியாது. "ஐயோ, இதோ விழுகிறார்!" என்று நான் மைக்கில் பதற, திரையில் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் கை தட்டினார்கள். கொட்டகை சிரித்தது. சவரிமுத்து மட்டும் எழுந்து, புரொஜக்டர் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, மேலே இருந்த ஓட்டையைப் பார்த்துக் கத்தினார்: "பாய்! விழுந்தவனை எங்க ஒளிச்சு வச்சுக்கினே? நான் காசு குடுத்து வர்றதே அவனுக்குத்தான்!"

அவன்தானா இவன்?

பாய் சுருளை நிறுத்தி, துண்டைத் திரும்ப ஒட்டி, முதலிலிருந்து ஓட்டினார். அதுவரை யாரும் விசிலடிக்கவில்லை. துறைமுகத்து ஆட்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

செய்திப் படம் முடிந்ததும் சவரிமுத்து என்னிடம் வந்தார். வலக்காலை வைக்கும் முன் தரையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "சார், விழுந்தான் பாரு, படி ஏறறானே, அவன்தானே இவன்?" என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் படித்தவன் பிழைப்பு நாறும். அவன் இவனல்ல என்று எனக்குத் தெரியும். விழுந்தவன் மார்பில் இரட்டை இலக்கம். படி ஏறுகிறவன் முதுகில் ஒற்றை இலக்கம். சீமையில் படத்தை வெட்டி ஒட்டியவன் எங்கோ இருந்த துண்டை அங்கே சேர்த்திருக்கிறான். ஆமாம் என்றால் பொய். இல்லை என்று சொல்ல, அந்த முகத்துக்கு முன்னால் நாக்கு எழவில்லை. கலைக்களஞ்சியம் கைகொடுத்தது. "போட்டியின் சட்டப்படி ஒவ்வொருவரும் இரண்டு தரம் தாண்டவேண்டும். விழுந்தவனுக்கும் இரண்டாவது தரம் உண்டு. எழுந்து நிற்க முடிந்தால் ஏறித்தான் ஆகவேண்டும்" என்றேன். உண்மையைச் சொல்லியும் அவரைக் காயப்படுத்தவில்லை என்று எனக்கு ஒரு திருப்தி.

அவர் அதை நிதானமாக மென்றுவிட்டுச் சொன்னார்: "எங்க மேஸ்திரியும் இதே சட்டம்தான் சொல்றான், சார்."

திங்கட்கிழமை

பகல் காட்சிக்குச் சவரிமுத்து வரவில்லை. நான் எதையோ பேசினேன். விழுகிற இடம் வந்தபோது வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன். பாய் கேபின் ஓட்டை வழியாகத் திரையைப் பார்க்காமல் தரை டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் சவரிமுத்துவின் மனைவி லூர்து, பாயிடம் சேதி சொல்லக் கொட்டகைக் கேட்டுக்கு வந்தாள். காலையிலிருந்து துறைமுக வாசலில் நின்றிருக்கிறாள், உள்ளே விடவில்லை. வெளியே வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்ததாம். முதல் கூடைக்குப் பலகை நடுவில் நின்றுவிட்டாராம். பின்னால் கூடையோடு வந்தவன் திட்டவில்லை. "மெதுவா போ மாமு, எனக்கும் கழுத்து வலிக்குது, நிக்கறேன்" என்றானாம். வரிசை மொத்தமும் நின்றிருக்கிறது. மேஸ்திரி வேறு பக்கம் திரும்பி பீடி பற்றவைத்தானாம். பிறகு சவரிமுத்து நடந்திருக்கிறார். சாயங்காலம் வரைக்கும் நடந்திருக்கிறார்.

பாய் தொழுகை முடித்தவர்போல இரண்டு கையையும் முகத்தில் ஒற்றிக்கொண்டு அவளுக்கு ஒரு சோடா வரவழைத்தார். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "ஏறிவிட்டார் அல்லவா, அம்மா? இனிமேல் கவலை விட்டது" என்றேன்.

லூர்து சோடாவைக் குடிக்காமல் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "இன்னா சார் வுட்டுது? நாளைக்கும் ஏறணும்."

அடுத்த வாரம் காட்டு யானைகளைப் பற்றிய சுருள் வந்தது. அதில் தன்னைத் தேடிக்கொண்டு ஒருவரும் வரவில்லை என்பதால், வர்ணனைக்காரன் நிம்மதியாகத் தூங்க மிருகங்களே உத்தமம் என்று கண்டுகொண்டேன்.