பதினேழு கோட்டைகளும் ஒரு காவல் கோயிலும்

புஸ்பவதி அக்காவுக்குக் கோட்டைப் பைத்தியம் என்று எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். எங்கள் ஊர் என்றால் பவேரியாவின் வடக்குப் பக்கம், ஃபிராங்கன் பகுதியில் ஒரு சின்னப் பட்டணம். அங்கே தமிழர் எட்டு வீடு. ஏழு வீட்டார் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டிறைச்சி காய்ச்சி, படம் பார்த்து, ஊருக்கு ரெலிபோன் எடுத்து மரியாதையாகப் பொழுதைப் போக்கினார்கள். எட்டாவது வீட்டில் அக்கா தனி ஆள். அந்த ஆள் சிவப்புச் சைக்கிளில் ஏறி இடிந்த மதில் தேடிப் போய்விடும்.

கூட இழுபட்டவள் நான், கலாதேவி. முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் இருவருக்கும் வேலை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அக்கா கேட்பார்: "கலா, வாற ஞாயிறு வாறியோ? மலைக்கு மேலை இன்னொரு கோட்டை கிடக்காம்." கல்லைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. ஆனால் அவரைத் தனியே விட மனம் வராது. முணுமுணுத்துக்கொண்டே சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவேன்.

பைத்தியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அக்கா 1998 கோடையில் ஜெர்மனிக்கு வந்தவர். அகதி வழக்குத் தோற்றுப்போனது. திருப்பி அனுப்பவும் இல்லை, இரு என்று சொல்லவும் இல்லை. டுல்டுங் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து, மூன்று மாதம், ஆறு மாதம் என்று நீட்டிக்கொண்டே வந்தார்கள். சகித்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். மனிசரைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது? அந்தத் தாளில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: எங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. ஊரில் ஒன்றாய்ப் படித்த சிநேகிதிக்கு ஹனோவரில் நடந்த கலியாணத்தை அக்கா வீடியோவில்தான் பார்த்தார்.

அடைத்து வைத்தால் ஆட்கள் சுருண்டு படுப்பார்கள். அக்கா வேறு சாதி. "வெளியாலை போகாதை எண்டுதானே சொன்னவங்கள், உள்ளுக்கை போகாதை எண்டு சொல்லேல்லையே" என்றார். பழஞ்சாமான் சந்தையில் 1961-இல் அச்சடித்த ஒரு புத்தகத்தை வாங்கினார். எங்கள் மாவட்டத்துக் கோட்டைகளும் காவல் கோயில்களும் என்பது அதன் தலைப்பு. பின் அட்டைக்குள் மடித்த வரைபடம் இருந்தது, மாவட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு. கோட்டுக்குள் பதினேழு கோட்டை, ஒரு காவல் கோயில். போய் வந்ததைப் பென்சிலால் சரி போடுவார். அந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த ஜெர்மன்காரர் பாதிப் பேருக்கு அதில் மூன்று பெயர்கூடத் தெரியாது.

கோட்டைக்குப் போனால் மற்றவர்கள் பிரபுவின் மண்டபம், வாள், கவசம் என்று அண்ணாந்து பார்ப்பார்கள். அக்கா நேரே முற்றத்தின் நடுவில் போய் நின்று, இடுப்பில் கை வைத்துக் கேட்பார்: "கிணறு எங்கை?" அடுத்தது குசினி. அதற்கடுத்தது கக்கூசு. கடைசிக் கேள்வி, பெண்களும் பிள்ளைகளும் எங்கே படுத்தார்கள் என்பது. இந்த நாலுக்கும் பதில் கிடைக்காமல் ஒரு கோட்டையையும் விட்டு இறங்கமாட்டார். ஒருமுறை இடிந்துபோன ஒரு கோபுரத்தில், பற்றைக்குள் முழங்காலில் தவழ்ந்து கிணற்று வாயைக் கண்டுபிடித்தார். முகமெல்லாம் முள் கீறல். "பாத்தியா? கிணறு இல்லாமல் ஒருத்தனும் மதில் கட்டமாட்டான்" என்று சொல்லிக் கெக்கட்டமிட்டுச் சிரித்தார்.

இந்தக் கேள்விகள் அவருக்குப் புத்தகத்தில் இருந்து வரவில்லை. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடியபோது, நானூறு சனத்தோடு ஒரு மாதா கோயில் வளவுக்குள் ஏழு கிழமை இருந்தவர் அவர். அக்கா சைவம். ஆனால் ஷெல் விழும்போது எது கிட்டவோ அதுதான் கோயில். அதனால்தான் காவல் கோயில் என்றதும் அவர் கண் விரியும். அந்தக் காலத்தில் ஃபிராங்கன் பக்கத்து விவசாயிகளுக்குக் கோட்டை கட்ட வசதி இல்லை. இருந்த ஒரே கல்லுக் கட்டடம் தேவாலயம். அதைச் சுற்றி மதில் எழுப்பி, மதிலில் துவாரம் விட்டு, உட்பக்கம் தானிய அறைகள் கட்டி வைத்தார்கள். படை வந்தால் மாடு கன்றோடு உள்ளே ஓடி வாசலைச் சாத்துவார்கள். "பிரபுமார் கட்டினதைவிட இதுதான் எங்கடை ஆக்களின்ரை கோட்டை" என்பார் அக்கா. எங்கடை ஆக்கள் என்று அவர் சொன்னது அறுநூறு வருஷத்துக்கு முந்திய ஜெர்மன் விவசாயிகளை.

2006 கடைசியில் ஒரு புது விதி வந்தது. எட்டு வருஷத்துக்கு மேல் இப்படித் தொங்கிக்கொண்டிருப்பவர்கள், வேலை இருந்தால், சட்டத்தை மீறாமல் இருந்தால், வதிவிட அனுமதி கேட்கலாம். அக்கா அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டார். ஒன்பது மாதம் கழித்துக் கடிதம் வந்தது: 2007 செப்டம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு டெர்மின், அதிகாரியைச் சந்திக்கிற நேரம். அது சரிவந்தால் வாழ்க்கை. சரிவராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போர் நடக்கிற நாட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அதற்கு முந்திய ஞாயிறுக்கு முந்திய ஞாயிறு, செப்டம்பர் ஒன்பது. நாடு முழுக்கப் பழைய கட்டடங்களைத் திறந்துவிட்டுச் சனத்துக்குக் காட்டுகிற நாள். புத்தகத்தில் சரி போடாமல் மிஞ்சியிருந்தது ஹெய்ம்லிண்டாக் என்ற கிராமத்துக் காவல் கோயில் ஒன்றுதான். சிவப்புக் கோட்டின் ஓரத்தில், ஆனால் உள்ளேதான் இருந்தது. காட்டுப் பாதையால் இருபது கிலோமீட்டர் மிதித்தோம்.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கே பிடித்துப்போனது. ஓராள் தலைக்கு மேல் இன்னோராள் நின்றாலும் எட்டாத மதில். வாசல் ஒரு மாட்டு வண்டில் நுழையும் அளவு. மதிலின் உட்பக்கம் ஒட்டி ஒட்டி அறைகள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று, கதவுக்கு மேல் கல்லில் வெட்டிய அடையாளம். அக்கா கிணற்றைக் கண்டுபிடித்தார், குசினியைக் கண்டுபிடித்தார். பிறகு வடகிழக்கு மூலையில் இருந்த சின்ன அறை முன்னால் நின்றுவிட்டார். அங்கே தொங்கிய பலகையில் 'வெடிமருந்து அறை' என்று எழுதியிருந்தது.

"இது வெடிமருந்து அறை இல்லை" என்றார், ஜெர்மனில், எல்லாருக்கும் கேட்க.

கோயிலைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த பாதிரியார், ஐம்பது வயதுப் பெண்மணி, திரும்பிப் பார்த்தார். அக்கா உள்ளே போய் நிலத்தைக் காட்டினார். சரிவாகப் பதித்த கல், முடிவில் மதிலைத் துளைத்து வெளியே போகிற வாய்க்கால். கிணற்றில் இருந்து ஆகத் தூரமான மூலை. காற்று வெளியே இழுக்கிற பக்கம். "முந்நூறு பேர் மூன்று கிழமை உள்ளே இருந்தால் முதல் பிரச்சினை எதிரி இல்லை, கழிவறை. நான் இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியும். வாய்க்கால் வைத்து யாராவது வெடிமருந்தை நனைப்பார்களா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாதிரியார் சிரிக்கவில்லை. குனிந்து அந்த வாய்க்காலை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாற்பது வருஷமாக இந்தப் பலகை தொங்குகிறது" என்றார். பத்திரிகைக்காரர் ஒருவர் அக்காவின் பெயரையும் ஊரையும் எழுதி, விரலை நீட்டியபடி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் நின்ற கார்களின் இலக்கத்தகடுகள் எல்லாம் எங்கள் மாவட்டத்து எழுத்தில் தொடங்காமல் வேறு எழுத்தில் தொடங்கியதைக் கண்டேன்தான். வெளியூரில் இருந்தெல்லாம் சனம் வந்திருக்கிறது என்று நினைத்தேன். மண்டையில் மூளை இருந்தால்தானே.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, எங்கள் தலைமைச் சமையற்காரி பத்திரிகையோடு குசினிக்குள் வந்தார். "புஸ்பா, எங்கள் பேப்பரில் உன் படம்!" பாதிப் பக்கத்துக்குப் படம். அக்கா கையைத் துடைத்துவிட்டு ஆசையாக வாங்கினார். நான்தான் கேட்டேன், எங்கள் பேப்பர் என்றால் என்ன என்று. சமையற்காரி பக்கத்து மாவட்டத்தில் இருந்து வேலைக்கு வருபவர். "எங்கள் மாவட்டத்துப் பேப்பர்தான். ஹெய்ம்லிண்டாக் எங்களுடைய ஊர் அல்லவா? முன்னம் உங்கள் பக்கம் இருந்ததாம். எழுபத்திரண்டில் எல்லையை மாற்றி எங்களுக்குத் தந்துவிட்டார்கள்."

புத்தகம் அறுபத்தொன்றில் அச்சடித்தது.

அக்கா கதிரையில் இருந்தார். ஒன்பது வருஷம் கோடு தாண்டாத மனிசி, டெர்மினுக்கு ஒன்பது நாள் இருக்கத் தாண்டியதோடு நில்லாமல், பெயரும் படமுமாகப் பேப்பரிலும் வந்து நிற்கிறார்.

அன்று பின்னேரம் நான் யோசனை சொன்னேன். "பேசாமல் இருங்கோ அக்கா. கேட்டால், படத்திலை நிக்கிறது நானில்லை எண்டு சொல்லுங்கோ. இவங்களுக்கு எங்கடை முகம் எல்லாம் ஒண்டுதானே."

"விசர்க்கதை கதையாதை. பிழை விட்டது ஒருக்கா. பொய் சொன்னால் அது ரெண்டாவது."

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

"பேப்பரையும் புத்தகத்தையும் கொண்டு போறன். கேக்க முதலே நான் சொல்லுறன்."

"உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு? நீங்களே போய்த் தலையைக் குடுக்கிறியளே!" என்று கத்தினேன். கோபத்தில் பாதி, பயத்தில் மீதி. அவர் அசையவில்லை. "எனக்கு உதிலை வெக்கப்பட ஒண்டுமில்லை, கலா. நான் களவெடுக்கப் போகேல்லை. கோயில் பாக்கப் போனனான்."

பதினெட்டாம் திகதி நானும் லீவு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். ஹெர் அங்கெரர் என்ற அதிகாரி, ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. கோப்பைத் திறக்க முதலே அக்கா மேசையில் புத்தகத்தை விரித்து, அதன் மேல் பேப்பரை வைத்து, நடந்ததைத் தெளிவாகச் சொன்னார். ஒரு சொல் தடுக்கவில்லை.

அவர் பேப்பரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "நான் இந்தப் பேப்பர் வாசிப்பதில்லை. நீங்கள் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது" என்றார்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அங்கெரர் புத்தகத்தையும் பேப்பரையும் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனார். சுவரில் மணிக்கூடு. முப்பத்தைந்து நிமிஷம். அந்த முப்பத்தைந்து நிமிஷத்தில் எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வத்துக்கும் நேர்த்தி வைத்தேன். அக்கா நேராக இருந்தார். ஆனால் என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் விரல்கள் வெளுத்துப்போயின.

அங்கெரர் திரும்பி வந்து இருந்தார். "மேலதிகாரியிடமும் காட்டினேன். 1961-ஆம் ஆண்டு எல்லைப்படி நீங்கள் மாவட்டத்துக்குள்ளேதான் இருந்திருக்கிறீர்கள்" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "தவறுதலாக நடந்தது, தானே அறிவித்தார், வாய்மொழி எச்சரிக்கை என்று கோப்பில் எழுதுகிறேன். இனிமேல் கொஞ்சம் புதிய புத்தகமாக வாங்குங்கள்." பிறகு இன்னொரு தாளை அக்காவின் பக்கம் தள்ளினார். வதிவிட அனுமதி. கையொப்பம் மட்டும் பாக்கி.

அக்கா உடனே கையொப்பம் வைக்கவில்லை. தாளை மேலிருந்து கீழே வாசித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம்.

"எது வரைக்கும் போகலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்.

"அப்படி ஒன்றும் இல்லை" என்றார் அங்கெரர். "எழுதவில்லை."

அடுத்த ஞாயிறு நல்ல வெயில். ரைன் ஆற்றங்கரையில் குன்றுக்கு ஒரு கோட்டை என்று அக்கா வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததால், விடிய முதலே வெளிக்கிட நிற்பார் என்று நினைத்து, ரயில் நேரமெல்லாம் பார்த்து, சாப்பாடு கட்டிக்கொண்டு, ஏழு மணிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். தலை பரட்டையாக, கம்பளியைப் போர்த்துக்கொண்டு வந்து திறந்தார்.

"என்னக்கா, சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறன். நான் இண்டைக்குப் போகேல்லை."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒன்பது வருஷமாகக் கலியாணமோ திருவிழாவோ, யார் எங்கே கூப்பிட்டாலும் அக்கா சொன்ன பதில் 'போகேலாது', போக முடியாது, என்பதுதான். இன்றைக்குச் சொன்னது 'போகேல்லை', போகவில்லை. அவசரத்தில் கேட்டால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்ப, ஒவ்வொரு எழுத்தாக ருசித்துச் சொன்னார்.

"போகேலாமல் இல்லையடி. போகேல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சாப்பாட்டுப் பையை வாசலில் வைத்துவிட்டு, அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன்.