எச்சில் இலையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனேன்

வாசகசாலை நண்பர்களுக்கு, வயிற்றெரிச்சலோடு இந்தத் தாளைப் பலகையில் ஒட்டுகிறேன்.

இன்று காலை குடிதண்ணீர் ஊருணிக்குப் போனால், கரை முழுக்க எச்சில் இலை. பாதி தண்ணீரில் மிதக்கிறது. நேற்றுக் கல்யாணம் நடந்த வீட்டிலிருந்து கொட்டியது.

கல்யாண வீட்டுக்காரர் யார் தெரியுமா? குப்பை போடாதே என்று நாடு முழுக்கப் பல வருஷமாகப் பிரசாரம் செய்கிற தொண்டுச் சங்கத்தின் காரைக்குடிக் கிளைத் தலைவர். நான் அதில் சாதாரண உறுப்பினர்.

நேரே போய்க் கேட்டேன். "அண்ணே, குடிக்கிற தண்ணியிலயா இலையைக் கொட்டச் சொன்னீக?"

"கல்யாண வீடுன்னா நாலு இலை விழத்தான் செய்யும் டீச்சர். நம்ம பிரசாரமெல்லாம் விவரம் தெரியாத சனத்துக்கு. அவுகளுக்குப் போயிச் சொல்லுங்க."

நேரே ஊருணிக்குத் திரும்பினேன். மாட்டுவண்டிக்காரர் காதர் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வீட்டுக்கும் அதே தண்ணீர்தான். மிதந்ததையும் சேர்த்து அள்ளி வண்டியில் ஏற்றி, தலைவர் வீட்டு வாசலில் கொட்டினோம்.

சம்பந்தி வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். தலைவர் ஓடிவந்தார். "இங்குட்டு ஏன் கொட்டுறீக? விருந்தாளுக இருக்காக!"

"அங்குட்டுத் தண்ணி குடிக்கிற சனம் இருக்கு, மொதலாளி" என்றார் காதர் அண்ணன்.

மத்தியானத்துக்குள் தலைவரே ஆள் வைத்து, ஊருக்கு வெளியே குழி தோண்டி அத்தனை இலையையும் புதைத்துவிட்டார். சாயங்காலம் எனக்குச் சீட்டு வந்தது. சங்கத்தின் மானத்தை வாங்கியதால் என்னை நீக்கிவிட்டார்களாம்.

நான் செய்தது தப்பா? கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதுங்கள். ஊருணித் தண்ணீர் குடிக்கிறவர்கள் முதலில் எழுதட்டும்.