பதினெட்டு மில்லி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் 'சோப்பக்கா' என்றுதான் பேர். பதினாறு வருஷமாகப் பாறைத் துண்டுக்குள் சோப்புத் தண்ணீரை ஏற்றி எண்ணெயை வெளியே தள்ளுகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த தட்டைக் கழுவுகிற வேலைதான். தட்டு மட்டும் இரண்டு கிலோமீட்டர் பூமிக்குள் கிடக்கிறது.

இந்தத் தடவை வந்தது சர்க்கரையிலிருந்து செய்த சோப்பு. சாதாரணச் சோப்பு பாறைக்குள் இருக்கும் உப்புத் தண்ணீரைக் கண்டதும் திரிந்துபோகும். இது அசைந்து கொடுக்காது. "எண்ணெய்க்கு இனிப்பைக் காட்டி வெளிய கூப்பிடுறீங்களாக்கும்!" என்று வாட்ச்மேன்கூடக் கிண்டலடித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பாறையில் சிக்கிய நாற்பது மில்லி எண்ணெயில் பதினைந்து மில்லியாவது வெளியே வந்தால்தான் பழைய எண்ணெய்க் கிணறு தப்பும். வராவிட்டால் இழுத்து மூடிவிடுவார்கள். அங்கே பம்ப் ஓட்டுவது அவள் புருஷன்.

பதினெட்டு வந்தது! அளவுக் குழாயைப் பார்த்து எழுதிவிட்டு, கை கழுவக்கூட இல்லை, புருஷனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். மேலாளர் தலைமை அலுவலகத்துக்குச் சொன்னார்.

மறுநாள் காலையில் குழாயைக் கழுவ எடுத்தவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எண்ணெய்க்குள் தண்ணீர் பொடிப்பொடியாகக் கலந்து நின்றதை முழுக்க எண்ணெய் என்றே அளந்திருக்கிறாள். இப்போது தண்ணீர் பிரிந்து அடியில் தங்கிவிட்டது. மேலே இருந்தது பதினொன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு! தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "பேசாம விட்டுடும்மா. நேத்து பாத்தது பாத்ததுதானே?"

"கெணத்துலயும் இதேதான் சார் வரும். பதினெட்ட அடிச்சிட்டுப் பதினொண்ணுன்னு எழுதுங்க."

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் புருஷன் கொதித்துப் போனான்.

"இருபது வருஷமா அந்தப் பம்போட மாரடிக்கிறேன். பதினெட்டுன்னு கேட்டதும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நாளைக்கு டூட்டிக்குப் போறது? ஒரு நாள் பொறுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு நாள் பொறுத்ததாலதாங்க பதினொண்ணாச்சு."