அருவிக்கரையில் துட்டி கேட்டார்கள்

பேய், பிசாசு, சகுனம் என்று யாராவது பேச்செடுத்தால் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள். கைடு வேலை பார்க்கிறவனுக்குக் கதை சொல்வதுதான் பிழைப்பு. சங்கரன்கோவில் புற்றையும் பாம்பையும் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு உள்ளே என்ன ஓடும் தெரியுமா, மத்தியானச் சாப்பாட்டுக்கு வண்டியை எங்கே நிறுத்துவது என்றுதான் ஓடும். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன்.

இளவட்டமாக இருந்தபோது மும்பையில் ஒரு மளிகைக் கடையில் சில வருஷம் இருந்தேன். அங்கே ஒட்டிக்கொண்ட மராத்தியும் இந்தியும் இப்போது சோறு போடுகிறது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிற கூட்டத்தை மதுரை ஏஜென்ட் என்னிடம்தான் தள்ளிவிடுவார். ஒரே நாளில் சங்கரன்கோவிலும் குற்றாலமும், இதுதான் நமது ரூட்.

இதில் ஒரு முறை உண்டு. காலையில் அருவி, சாயங்காலம் கோவில். குளித்துவிட்டுத்தான் கோவிலுக்குப் போவார்கள், கோவிலுக்குப் போய்விட்டு வந்து யாரும் தலை முழுகுவதில்லை. சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால்தான் முழுகுவார்கள். எங்கள் பக்கம் சாவு வீட்டைத் துட்டி வீடு என்போம். யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை, செருப்பை வாசலில் கழற்றுவது மாதிரி தானாகப் படிந்துபோகிற பழக்கம்.

அன்றைக்கு அது தலைகீழாகப் போனது. புனேயிலிருந்து ஒரு கூட்டம். சென்னை ரயிலில் விடியற்காலை சங்கரன்கோவிலில் இறங்கினார்கள். திரும்புகிற ரயில் அன்று சாயங்காலம் தென்காசியில். உச்சிவேளைக்கு நடை சாத்திவிடுவார்கள் என்பதால் கோவிலை முதலில் முடித்துவிட்டுத்தான் அருவிக்குப் போயாக வேண்டும், வேறு வழியில்லை. வேன் ஓட்டுகிற மாடசாமி அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை.

"கோயிலுக்குப் போயிட்டு வந்து தலை முழுகச் சொல்லுதீரே வே. துட்டிக்குப் போயிட்டு வந்தால்லா முழுகுவாவ."

"அவங்க புனேக்காரங்க அண்ணாச்சி. நம்ம துட்டி அவங்களுக்கு எங்கன தெரியப் போவுது" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

கூட்டத்துக்குத் தலைவர் விலாஸ் என்று ஒருவர், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் மனைவி சுனந்தா. அந்த அம்மாவைப் பார்த்தாலே சிரிப்பு வரும், எதற்கெடுத்தாலும் அப்படிச் சிரிப்பார். தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை சாப்பாடு. புற்று மண் கொடுத்தவரிடமும் சாப்பாடு, நேர்ந்துகொண்டு போடுகிற உருவத்தகடு விற்கிற கடைக்காரியிடமும் சாப்பாடு. வெள்ளை நிறத் தகட்டில் பாம்பும் தேளுமாக வாங்கி உண்டியலில் போட்டார். அம்பாள் பெயர் கோமதி, என் மகள் பெயரும் அதுதான் என்று அவரிடம் சொன்னேன். போட்டோ கேட்டார், போனில் காட்டினேன். கோமதி அப்போதுதான் திருநெல்வேலியில் காலேஜ் சேர்ந்திருந்தாள். தினமும் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருவாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. "நல்ல முகம்" என்று மராத்தியில் சொல்லிப் போனைத் திருப்பித் தந்தார் சுனந்தா.

எலுமிச்சைச் சந்தையைக் காட்டுவதற்காகப் புளியங்குடி வழியாகப் போனோம். வேன் முழுக்க எலுமிச்சை வாசனை, பாட்டு, அந்தாக்ஷரி. தென்காசியைத் தாண்டியதும் சாரல் ஆரம்பித்துவிட்டது. நல்ல சீசன். மெயின் அருவியில் ஜே ஜே என்று கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே தடுப்பு, இந்தப் பக்கம் நடப்பது அந்தப் பக்கம் தெரியாது. எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டுத் துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு பழக்கடைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். நனைந்துவிடும் என்று போனை வண்டியிலேயே வைத்திருந்தேன்.

முதலில் விலாஸ் சார் வந்தார். சொட்டச் சொட்ட வந்து என் எதிரே நின்றார். முகத்தில் சிரிப்பில்லை. தண்ணீரின் குளிர் போலிருக்கிறது என்று துண்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை, துண்டு கீழே விழுந்தது. இரண்டு கைகளையும் சேர்த்து என் முன்னால் நீட்டினார்.

இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் துட்டி கேட்க வருகிற ஆண்கள் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கிற பறிகொடுத்தவன் முன்னால் இரண்டு கையையும் நீட்டுவார்கள், அவன் அதைத் தொட்டுப் பிடித்து விடுவான். அவ்வளவுதான் துட்டி கேட்பது. கிளம்பும்போதும் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். புனேயில் அப்படி ஒரு பழக்கமே கிடையாது. மும்பையில் இருந்த வருஷங்களில் எத்தனையோ சாவைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நம்பினால் நம்புங்கள், என் கை அதுபாட்டுக்கு எழுந்து அவர் கையைப் பிடித்தது. பனிக்கட்டி மாதிரி இருந்தது. அவர் நகர்ந்ததும் அவருக்குப் பின்னால் அவர் தம்பி, அதற்குப் பின்னால் அடுத்தவர், எல்லாரும் அதே மாதிரி கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். "என்ன சார் இது" என்று மராத்தியில் கேட்டேன், அடுத்தவர் கையை நீட்டினார். அதற்குள் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஆண்கள் செய்தது தெரிய வழியே இல்லை. ஒவ்வொருத்தராக என் முன்னால் வந்து, துட்டி வீட்டுக்கு வருகிற எங்கள் ஊர்ப் பெண்கள் மாதிரியே ஈரத் துணியின் முனையை வாயில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஒதுங்கினார்கள். சுனந்தா அம்மாவும் அப்படியே நின்றார்.

பழக்கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டார். கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.

"ஆரு அண்ணாச்சி தவறிட்டாவ?" என்று மெதுவாகக் கேட்டார்.

யாரும் சாகவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. சத்தியமாக வரவில்லை. அவர் என்ன நினைத்தாரோ, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து அவரும் நீட்டினார். அதைப் பார்த்து, தலையில் எண்ணெயோடு அருவிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், குளித்துவிட்டு வந்தவர்கள், எந்த ஊர் என்றே தெரியாத ஆட்கள், எல்லாரும் வரிசையாக நின்றுவிட்டார்கள். துட்டி என்று தெரிந்தபின் கை கொடுக்காமல் போனால் மரியாதை இல்லை பாருங்கள். அவர்கள் மேல் என்ன தப்பு. நான் குச்சி மாதிரி நின்றுகொண்டு ஈரக் கையாகப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. யாருக்காக அழுகிறேன் என்று தெரியாமல் அழுதேன். இப்படி ஒரு கையாலாகாத நிலை என் எதிரிக்கும் வரக் கூடாது.

வரிசை ஓய்ந்ததும் வண்டியைத் தேடி ஓடினேன். கூட்டம் அதிகம் என்று வண்டிகளையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். எல்லா வேனும் வெள்ளையாகவே இருந்தது. ஒருவழியாகக் கண்டுபிடித்துப் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டேன். என் மனைவி செல்வி எடுத்தாள்.

"வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"நல்லாத்தான் இருக்கோம். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? மழையில நனைஞ்சீங்களா?"

"கோமதி வந்துட்டாளா?"

"இன்னும் வரல, வருவா. பஸ் லேட்டா இருக்கும்."

கோமதிக்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப். திரும்பப் போட்டேன். அதே பதில்தான். மாடசாமி அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைப் போட்டார். புனேக் கூட்டத்தை யாரும் கூப்பிடவில்லை, அவர்களே நடந்து வந்து ஈரத்தோடு ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி கிளம்பியது. காலையில் வாங்கிய எலுமிச்சைப் பழங்கள் சீட்டுக்கு அடியில் உருள்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் முன்சீட்டில் உட்கார்ந்து கோமதி நம்பரையே அழுத்திக்கொண்டிருந்தேன். என் மகள் எந்த ரோட்டில், எந்த பஸ்ஸில் இருக்கிறாள், எனக்கு ஒன்றும் தெரியாது. வண்டியைத் திருப்பச் சொல்லலாம், எங்கே திருப்ப.

அப்போதுதான் எனக்கு நேர் பின்சீட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"சாவுத வயசாய்யா அது."

அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. துட்டி வீட்டில் பெண்கள் எப்படி இழுத்துச் சொல்வார்களோ அதே இழுவை. திரும்பிப் பார்த்தேன். சுனந்தா அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் அந்த சீட்டில் இல்லை. எனக்குத்தான் காது கெட்டுப்போனது என்று சொல்லிவிடாதீர்கள், அண்ணாச்சியின் கால் பிரேக்கில் போய்விட்டது. வண்டி நடுரோட்டில் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். அண்ணாச்சி என்னைப் பார்க்காமலே மறுபடியும் கியரைப் போட்டார்.

தென்காசி ஸ்டேஷனில் இறங்கினார்கள். காலையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால்கூட நன்றி சொன்ன மனிதர்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் போய்வருகிறோம் என்ற வார்த்தை வரவில்லை, ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகுதான் என் போன் அடித்தது. கோமதி.

"எப்பா, வீட்டுக்கு வந்துட்டேன். போனுல சார்ஜ் இல்லப்பா. எதுக்கு இத்தனை வாட்டி அடிச்சிருக்கீங்க?"

ஸ்டேஷன் வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சும்மாதான் மக்கா என்று சொல்லிவிட்டு, போனை வைத்தபிறகு வாய்விட்டு அழுதேன். "போட்டும் வே, பிள்ளை நல்லாருக்குல்லா, எந்திரியும்" என்று அண்ணாச்சி தோளைப் பிடித்துத் தூக்கினார். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தக் குரலைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. நானே பேச்செடுத்தால் இறங்கிப் போய் டயரைத் தட்டிப் பார்ப்பார்.

மறுநாள் விலாஸ் சார் வீடியோ காலில் வந்தார். அருமையான டிரிப், அருவியில் குளித்த அலுப்பில் வண்டியிலேயே தூங்கிவிட்டோம், எப்படி ரயில் ஏறினோம் என்றே நினைவில்லை, சொல்லிக்கொள்ளாமல் வந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றார். கை நீட்டினீர்களே சார் என்று கேட்டேன். புரியாமல் பார்த்தார். சுனந்தா அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அம்மா, நீங்கள் தமிழில் ஏதாவது சொன்னீர்களா என்றதற்கு, அந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு "சாப்பாடு" என்றார்.

இது நடந்து ரெண்டு சீசன் போய்விட்டது. இதுவரை எங்கள் வீட்டில் ஒரு சாவும் இல்லை. அப்புறம் என்ன, எல்லாம் மனப்பிரமை என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள், உங்கள் முகத்திலேயே தெரிகிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எனக்குத் துட்டி கேட்டு முடித்தாகிவிட்டது. ஊர் பேர் தெரியாதவர்கள்கூட வந்து கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சாவு மட்டும் இன்னும் வரவில்லை. அது எந்த வழியாக வரும், நான் எந்தக் கதவைச் சாத்துவது? செல்வியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளும் என் மாதிரி ஆகிவிடுவாள். காலேஜை நிறுத்திவிட்டுப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். வீட்டில் இருப்பவர்கள் சாகாமலா இருக்கிறார்கள்.

என்னால் முடிந்தது ஒன்றுதான். தினமும் காலையில் போயிட்டு வாரேன் என்று வாய்விட்டுச் சொல்லாமல் அவளைப் படி இறங்க விடமாட்டேன். போன வாரம் அவசரத்தில் சொல்லாமல் போய்விட்டாள். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆள் இல்லை. கட்டிய துண்டின் மேலே வேட்டியைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். திருநெல்வேலி பஸ் கிளம்பி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். கூடவே ஓடிக்கொண்டே, "சொல்லிட்டுப் போ மக்கா" என்றேன்.

"எப்பா, எல்லாரும் பாக்காவ. சரி, போயிட்டு வாரேன், போதுமா?" என்றாள். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் அவளுக்கு மனம் இளகிவிட்டது போல. கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். ஒரு கை இல்லை, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். அப்போது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவள் கை இரண்டும் நனைந்திருந்தன.

நான் பிடிக்கவில்லை. என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். அந்தக் கைகள் கொஞ்ச தூரம் வரைக்கும் நீட்டியபடியே போயின.