நண்டு சூடு

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே கவலை, அந்த நண்டை எப்படித் தோற்கடிப்பது என்பதுதான். நகை, சாப்பாடு, பத்திரிகை எல்லாம் அம்மா அப்பாவின் தலைவலி.

எண்பதுகளின் கடைசி. ஜாலான் புசார் பழைய சாமான் கடையில் கிடைத்த வீடியோ கேம் மெஷின் ஒன்றை அப்பா எங்கள் புக்கிட் மேரா அடுக்குமாடி வீட்டுக்கு வாங்கி வந்திருந்தார். கூடவே ஒரே ஒரு விளையாட்டு. அதில் விதவிதமான பிராணிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் நெருப்பு, நீர், மின்னல் என்று ஒரு குணம். அதற்கு ஆகாத ஒன்றால் அடித்தால் தோற்று நம் பக்கம் சேர்ந்துவிடும். தப்பாக அடித்தால் இன்னும் கொழுக்கும். குணம் திரையிலேயே எழுதியிருந்தது, ஜப்பானிய மொழியில். எங்களுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது.

அதனால் அம்மாவைக் கேட்டோம். வெங்காயம் உரித்தபடியே எட்டிப் பார்த்து, "கோழியா? சூடு" என்றாள். தண்ணீரால் அடித்தோம், விழுந்தது. சுரைக்காய் மாதிரி ஒன்று வந்தது. "குளிர்ச்சி." நெருப்பு வைத்தோம், அதுவும் விழுந்தது. அதன் பிறகு அம்மா சொன்னதுதான் எங்களுக்கு வேதவாக்கு. கடைசியாக ஒரு நண்டு வந்தது.

"நண்டு எப்படிம்மா?"

"சூடு. பின்ன, சளி புடிச்சா எதுக்கு நண்டு ரசம் வெச்சுக் குடுக்கிறேன்?"

நண்டின் மேல் தண்ணீராகக் கொட்டினோம். அது கொழுத்துக்கொண்டே போனது. அம்மா தப்பாகச் சொல்லியிருப்பாள் என்று தோன்றவே இல்லை. நான் சரியாக அழுத்தவில்லை என்று அக்கா என்னைத்தான் திட்டினாள். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், கையில் மருதாணியோடு என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, "நல்லா அடி லா! நான் போறதுக்குள்ள இத நம்ம பக்கம் சேர்த்துடணும்டா" என்றாள். முடியவில்லை.

சிராங்கூன் ரோடு கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, பூன் லேயில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டாள் அக்கா. மறுநாள் தனியாக உட்கார்ந்து ஏதோ நினைப்பில் மின்னலை அழுத்தினேன். ஒரே அடி. நண்டு விழுந்து நம் பக்கம் வந்தது. கத்திக்கொண்டே பாயின் அந்தப் பக்கம் திரும்பினேன். ஆளில்லை. ஜெயித்ததற்காக என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும் மெஷின் அது. மறுவீட்டு விருந்துக்கு அக்கா வரும்வரை அணைக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். அப்பா டிவியை மட்டும் செய்திக்குத் திருப்பிக்கொண்டார். அவர்கள் வந்த அன்று, கீழே போய் லிஃப்ட் வாசலில் நின்று அழைத்து வந்தேன். மேலே வந்து பார்த்தால், மாப்பிள்ளைக்கு மேசை விசிறி போடுவதற்காக அம்மா மெஷினின் பிளக்கைப் பிடுங்கியிருந்தாள்.

பட்டுப்புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா, பிடுங்கிய பிளக்கையும் என் முகத்தையும் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"எதால அடிச்சே?"

"மின்னல்."

"அப்ப அது சூடு இல்லையா?" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது. "அம்மாகிட்ட சொல்லாதே."

அம்மா அவள் இலையில் நண்டுக் குழம்பை ஊற்றி, "நல்லா சாப்பிடு, அங்க போய் சளி புடிச்சுக்காதே" என்றாள்.

இன்றும் வருத்தமாக இருக்கிறது. நான் இன்னும் கொஞ்ச நாள் தோற்றிருக்கலாம். அக்கா அந்தப் பாயில் வந்து உட்கார ஒரு காரணமாவது மிச்சமிருந்திருக்கும்.