பல்லுக்குப் போடுகிற மருந்து

ஷியாமளா சிஸ்டருக்கு வாய் கொஞ்சம் நீளம். லேக் கார்டன்ஸ் நர்சிங் ஹோமில் வார்டு பாய்கள் அவளை 'லங்கா தீதி' என்பார்கள். வங்காள மொழியில் லங்கா என்றால் மிளகாய், தீதி என்றால் அக்கா. வருஷக்கணக்கில் எமர்ஜென்சியில் நின்று பேஷண்ட் பார்ட்டியிடம், அதாவது நோயாளியோடு வரும் கூட்டத்திடம், வசவு வாங்கினால் யாருக்குத்தான் வாய் இனிக்கும்? ஸ்டூலைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள், கையை முறுக்கியிருக்கிறார்கள். பிழைத்து வீட்டுக்குப் போனவன் எவனாவது ஒரு நல்ல வார்த்தை சொன்னானா? மூச்!

அன்று வந்தவர் கரியாஹாட்டில் டிபன் கடை வைத்திருக்கும் பட்டாபி. மாரடைப்பு. மானிட்டரில் இதயத் துடிப்பு தறிகெட்டு ஓடியது.

"லிக்னோகெயின், சீக்கிரம்!" என்றார் டாக்டர் நந்திதா. ஷியாமளா குப்பியை எடுத்ததுதான் தாமதம், மகன் சாய் கிருஷ்ணா பாய்ந்து வந்து லேபிளைப் படித்தான்.

"இது பல்லு புடுங்கறப்போ மரத்துப்போகப் போடுற ஊசி! போன வாரம் எனக்கே போட்டாங்க. அப்பாவோட ஹார்ட்டையே மரத்துப்போக வைக்கப் போறீங்களா?"

"தம்பி, தாறுமாறாத் துடிக்கிற இதயத்தையும் இது அடக்கும். நகரு!"

"தமிழ்க்காரங்கன்னு நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

குப்பியைப் பிடுங்கி ட்ராலி விளிம்பில் ஓங்கி அடித்தான். கண்ணாடி நொறுங்கி அவன் உள்ளங்கையையே கிழித்தது.

"நாசமாப் போறவனே! அலமாரில இருந்ததே அது ஒண்ணுதான்டா! உங்கப்பன் உசுரைத்தானே உடைச்சே!"

காவலாளி அவனை வெளியே இழுத்துப் போனார். ஷியாமளா மூட்டுவலியோடு மாடி ஐசியூவுக்கு ஓடி, கைக்குக் கிடைத்த குப்பிகளை அள்ளிக்கொண்டு இறங்கினாள். பட்டாபிக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. நரம்பில் மருந்தை ஏற்றினாள். செத்துத் தொலைக்காதே மனுஷா, என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மானிட்டரைப் பார்த்தாள். மெல்ல மெல்லத் துடிப்பு சீரானது.

வெளியே மகன் போலீஸைக் கூப்பிடுவதாகக் கத்திக்கொண்டிருந்தான். கையில் ரத்தம் நிற்கவில்லை. தையல் போட உள்ளே கூட்டி வந்தார்கள். ஊசியைக் கண்டதும் முகம் வெளிறிப்போனான்.

"அப்படியே தைக்காதீங்க! மரத்துப்போக ஏதாவது போடுங்க, ப்ளீஸ்."

ஷியாமளா புதுக் குப்பி ஒன்றை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"படிச்சுப் பாரு. பல்லுக்குப் போடுறதுதான். உங்கப்பாவைப் பிழைக்க வச்சதும் இதேதான். உடைக்கணும்னா உடை, இன்னொரு கை நல்லாத்தானே இருக்கு?"

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், கிழிந்த கையை நீட்டினான்.